கிரீம் அண்ணன் யார் கணக்கில்?

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, வீட்டிலேயே திருடினேன். என் மனைவி கணக்காளர். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் பருவம் வந்துவிட்டால் சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்கூடத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். வருமானம் குறைந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வருவார்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய வரிச்சலுகைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பாள், இலவசமாக.

ஒரு சனிக்கிழமை மாலை, செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள்.

"இன்னிக்கு ஒரே ஆளுக்காக ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாங்க."

அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

"எழுதுங்க. ஆனா யாரையும் அழ வைக்காதீங்க," என்றாள்.

2

முதல் தொடக்கம்: அன்று மழை பெய்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலியின் கிரீச் ஒலி அந்தத் தனிமையான கூடத்தில்—

("மழையா? வெயில் மண்டையைப் பிளந்துச்சு. அது பேட்டரி நாற்காலி, கிரீச்செல்லாம் வராது.")

இரண்டாம் தொடக்கம்: விதி வஞ்சித்த அந்த மனிதர்—

(இதை நானே அடித்துவிட்டேன். எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.)

சரி, நேரே சொல்கிறேன். ஒரு பேக்கரியில் கேக்குகளின் மேல் பெயர் எழுதுபவர் ஒருவர் இருக்கிறார். பிறவியிலிருந்தே கால்கள் இரண்டுக்கும் இடது கைக்கும் வலு இல்லை. வலது கையோ கிரீம் பையைப் பிடித்தால் எழுத்து அச்சடித்த மாதிரி விழும். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் கிரீம் அண்ணன். அக்கா தையல்காரர், தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாரநாளில் கிரீம் அண்ணன் அக்கா வீட்டில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில். தம்பி இருப்பது மூன்றாவது மாடி. ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அண்ணனை முதுகில் தூக்கிக்கொண்டுதான் ஏறுவான்.

3

பிரச்சினை இதுதான். மாற்றுத்திறனாளி ஒருவரை வைத்துப் பராமரிப்பவருக்கு வரியில் சலுகை உண்டு. ஆனால் ஒருவரை ஒரே ஒருவர்தான் தன் கணக்கில் காட்டலாம்.* போன வருடம் அக்காவும் காட்டியிருக்கிறார், தம்பியும் காட்டியிருக்கிறான். ஒருவருக்கொருவர் தெரியாது. வரி அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ்: இவர் உண்மையில் யாரைச் சார்ந்திருக்கிறார்?

(* நாட்டுக்கு நாடு விதி வேறு. இது இந்தக் கதைக்குள் மட்டும் செல்லுபடியாகும் விதி. இதைக் காட்டி உங்கள் வரி அலுவலகத்தில் வாதாடாதீர்கள்.)

மூவரும் மடக்கு மேசைக்கு வந்தார்கள். உட்காருவதற்கு முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், அவன் துணிய யார் துவைக்கிறது? சட்டை பட்டனைக் கழட்டிட்டு ஒத்தக் கையால ஒட்டுற மாதிரி எல்லாத்துக்கும் ஒட்டுப்பட்டை தைச்சுக் குடுத்திருக்கேன், பாருங்க."

"பட்டன் பெருசா? மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டுப் போறது? நாற்காலிக்கு பேட்டரி வாங்கினது யாரு?"

"பேட்டரி வாங்கினா அண்ணன் உனக்கு எழுதி வெச்ச சொத்தா?"

"நீ மட்டும் பட்டா வெச்சிருக்கியா?"

(இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். தம்பியைப் பணத்தாசை பிடித்தவனாக ஒரு பக்கம் எழுதினேன். கதை சூடுபிடித்தது. மனைவி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "அந்தப் பையன் வரியில மிச்சம் பிடிச்ச காசையெல்லாம் அண்ணனோட பிசியோதெரபிக்குத்தான் கட்டியிருக்கான். ரசீதெல்லாம் பாத்தேன்." தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். சூடு போனது போனதுதான்.)

4

இருவரும் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் என் மனைவிக்கு உறைத்தது, நடுவில் இருப்பவரிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும்கூட.

"நீங்க என்ன சொல்றீங்க?"

கிரீம் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், நானும் சம்பளம் வாங்குறேன். கொஞ்சம்தான். என் பேர்லயே ஒரு கணக்கு போட முடியுமா?"

அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். (எழுத்தாளன் சேர்த்ததல்ல. நிஜமாகவே ஒரே நேரத்தில் என்கிறாள்.)

முடியும். அதுமட்டுமல்ல, வேலை செய்யும் மாற்றுத்திறனாளியின் வருமானம் குறைவாக இருந்தால், வரி கட்ட வேண்டாம் என்பதோடு அரசே ஒரு தொகையை அவர் கையில் தரும். மருத்துவரின் சான்று வேண்டும். இன்னொன்றும் வேண்டும்: வேறு யாரும் அவரைத் தங்கள் கணக்கில் காட்டக்கூடாது.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் எடுத்துடணுமா உன்னை?"

"படிவத்துல இருந்துதானேக்கா. வீட்டுல இருந்தா எடுக்கச் சொன்னேன்?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "வீடும் ஒண்ணு பாத்திருக்கேன்," என்றார்.

பேக்கரிக்குப் பின்னால், தரைத்தளத்தில் ஒற்றை அறை. கதவு அகலம். குளியலறைக்குள் நாற்காலி திரும்பும். வீட்டுக்காரர் வருமானத்துக்கு அத்தாட்சி கேட்கிறார். இவரிடம் இவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்குண்ணே? தூக்கிட்டுப் போக நான் இல்லையா?"

"இருக்கடா. ராஜா மாதிரி தூக்கிட்டுப் போற. ஆனா மேல போயிட்டா, கீழ ஒரு டீ குடிக்கணும்னாலும் நீ தூங்கி எந்திரிக்கற வரைக்கும் காத்திருக்கணும். நீயோ ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்குற."

தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. (மனைவிக்குத் தந்த வாக்கை நான் மீறவில்லை. அந்த அம்மாள் தானாக அழுதார்.)

பின் அக்கா மேசை மேலிருந்த பேனாவை எடுத்தார். "இவன் பேரை எடுக்க எங்க மேடம் கையெழுத்து போடணும்? முதல்ல நான்தான் போடுவேன். நான் மூத்தவ."

5

அனுமதி கேட்கலாம் என்று நான் பேக்கரிக்குப் போனேன். அவருக்காகவே உயரம் குறைத்த மேசை. அரை வட்டமாக கேக்குகள். தலை நிமிராமல் பேசினார்.

"எழுதுங்க சார். ஆனா பாவம்னு எழுதிடாதீங்க. திமிர் பிடிச்சவன்னு வேணா எழுதுங்க."

"கணக்கு என்னாச்சு?"

"ஏத்துக்கிட்டாங்க. பணமும் வந்துடுச்சு. அட்வான்ஸ் குடுத்துட்டேன்." ஒரு ரோஜா இதழை வளைத்து முடித்தார். "அக்கா திரை தைக்கிறேன்னு ஜன்னலை மூணு தடவை அளந்துட்டுப் போயிருக்கு. இருக்கறதே ஒரு ஜன்னல். தம்பி வாசப்படிக்குச் சரிவுப் பலகை போட்டுட்டு இருக்கான். லிஃப்டே தோத்துச்சு, அவ்ளோ ஸ்க்ரூ."

"அப்ப கதை முடிஞ்சதுன்னு வெச்சுக்கலாமா?"

"நான் இன்னும் குடியே போகல சார். அதுக்குள்ள முடிச்சா எப்படி?"

6

நியாயம்தான். ஆனாலும் எழுத்தாளன் கை சும்மா இருக்குமா?

முடிவு அ: தனியாக இருக்க முடியாமல் ஒரே வாரத்தில் அக்கா வீட்டுக்குத் திரும்பி—

(கிழித்தாகிவிட்டது. இதைப் படித்தால் அவர் என் பிறந்தநாள் கேக்கில் என்ன எழுதுவாரோ.)

முடிவு ஆ: சொந்தமாக ஒரு பேக்கரி, பத்து கிளைகள், பத்திரிகையில் படம்—

(இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. நான் எப்போதாவது நல்ல மனநிலையில் எழுதுவது.)

போன ஞாயிற்றுக்கிழமை குடிபோனார். நாங்களும் போயிருந்தோம். சரிவுப் பலகையில் அவரே ஏறினார். பின்னாலிருந்து தள்ள வந்த தம்பியின் கையை அக்கா தட்டிவிட்டார். கிரீம் அண்ணன் உள்ளே போய், திரையை மூடித் திறந்து பார்த்து, விளக்கைப் போட்டு அணைத்து, குளியலறைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பினார். வீட்டுக்காரர் இரண்டு சாவிகள் தந்தார். ஒன்றை கிரீம் அண்ணன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்று கையில்.

"அவசரத்துக்கு ஒண்ணு யார்கிட்டயாவது இருக்கட்டும்," என்றார் வீட்டுக்காரர், என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்.

அக்கா கை நீட்டினார். அதே நொடி தம்பியும் நீட்டினான்.

"எதிர்க்கடையில நகல் வெட்டித் தர்றாங்க," என்று என் மனைவி ஆரம்பித்தாள். அவளை மெல்ல வாசலுக்கு வெளியே கூட்டிவந்துவிட்டேன். கணக்காளர்கள் எல்லாவற்றையும் நேர்செய்துவிடுவார்கள், கதைக்கு ஆகாது.

எனவே உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டது. யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது, யார் பட்டன் கழற்றியது என்று எல்லாம் முதலிலிருந்து. நடுவே கிரீம் அண்ணனின் சிரிப்பு. உங்களுக்குத் தைரியம் இருந்தால் போய்த் தீர்த்துவையுங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. தட்டிவிட்டுப் போங்கள், அது அவர் வீடு.