புகாரே வராத அப்டேட்

சுவர்ச்சலாவின் உத்தியோகம் திட்டு வாங்குவது. மாதச் சம்பளம் கொடுத்துத் திட்டு வாங்க வைக்கிற வேலையும் உலகத்தில் உண்டா என்றால், உண்டு. ஹைதராபாத் கச்சிபௌலியில், எலும்பு வரைக்கும் குளிர்கிற ஏசி ஹாலில் உண்டு. கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஓட வைக்கிற சிஸ்டத்தைச் செய்கிற கம்பெனி அது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதி அனுப்புகிற புகார் அத்தனையும் இவள் குழுவின் தலையில்தான் வந்து கொட்டும். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஒருவர், பெரிதாக இருக்கிறது என்று இன்னொருவர். "யாரைக் கேட்டு அந்தப் பொத்தானை இடம் மாத்துனீங்க? உங்க வீட்டு அடுப்பை நான் வந்து மாத்தி வைக்கட்டுமா?" என்று ஒரு அம்மாள். கர்னூலிலிருந்து ஒரு பெரியவர் வாரம் தவறாமல் சாபமே விடுவார்.

இதையெல்லாம் தனித்தனியாக யார் உட்கார்ந்து பார்ப்பது? அதற்குத்தான் சேர்த்தல் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரே மாதிரியான புகார்களை ஒன்றின் கீழே ஒன்றாகச் சேர்த்துவிடுவது. மேலே இருப்பது தாய்ப் புகார், கீழே இருப்பவை பிள்ளைகள். 'எனக்கும் இதே குறை' என்று தாய்க்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கிறது என்று மட்டும்தான் மேலிடம் பார்க்கும். தாயின் குறை தீர்ந்தால் பிள்ளைகளின் குறையும் தீர்ந்ததாகக் கணக்கு. உடனே எல்லாருக்கும் தானாக ஒரு பதில் போகும்: 'உங்கள் குரல் எங்களுக்குக் கேட்டது. நீங்கள் சொன்ன குறை வரும் அப்டேட்டில் தீர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு முன்பே பெற இங்கே அழுத்துங்கள்.' படிக்க எவ்வளவு இதமாக இருக்கிறது பாருங்கள்!

அப்டேட் வெளியாகிற வாரம் வந்தால் ஹாலுக்கே ஜுரம் வந்துவிடும். திறந்து கிடக்கிற புகார்கள் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். முதலில் இறக்குகிற குழுவுக்குக் கம்பெனி செலவில் பிரியாணி. பிரியாணி பெரிதில்லை, மானம் பெரிது. பக்கத்து சீட்டு இம்தியாஸ் தலைப்பை மட்டும் பார்த்தே சேர்த்துத் தள்ளுவான். "அக்கா, 'கீபோர்டு'ன்னு ஒரு வார்த்தை இருந்தா போதும், எல்லாம் ஒரே குடும்பம். நிக்காஹ் முடிஞ்சுது, அடுத்த ஆளை வரச் சொல்லு" என்பான். சுவர்ச்சலா அப்படிச் செய்பவள் இல்லை. கடைசி வரி வரைக்கும் படிப்பாள். அந்த வாரம் மட்டும் பாதியோடு நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் அந்த வாரம் வந்த பாராட்டுகளை மேனேஜர் சேஷகிரி உரக்கப் படிப்பார். திட்டு மலைபோல் குவியும், பாராட்டு மட்டும் அத்தி பூத்தாற்போல் வரும். அதனால் அதைக் கொஞ்சம் ராகம் போட்டே படிப்பார். அன்றைக்குப் படித்தது இது:

"ஐயா, வணக்கம். என் குறையைத் தீர்த்துவிட்டதாகப் பதில் அனுப்பியிருந்தீர்கள். என் மனைவி ஆண்டாளு அதைப் படித்துக் காட்டும்போது அழுதுவிட்டாள். என்னைத் தனியே விட முடியாமல் அவள் விட்ட டீச்சர் வேலைக்கு வெள்ளிக்கிழமை முதல் மறுபடி போகிறாள். முன்கூட்டியே வரும் அப்டேட்டையும் கேட்டு வைத்திருக்கிறேன். உங்கள் கம்பெனி நன்றாக இருக்கட்டும். இப்படிக்கு, நரசய்யா, மல்காஜ்கிரி."

ஹாலே கைதட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள். சுவர்ச்சலாவும் தட்டினாள். மல்காஜ்கிரி என்ற பெயர் காதில் விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவளுக்குக் கை நின்றுவிட்டது.

சீட்டுக்கு ஓடி வந்து அந்தப் பழைய புகாரைத் தேடி எடுத்தாள். பாஸ்வேர்டு கேட்கிற திரை, திரையில் வருகிற கீபோர்டு என்று முதல் வரிகளில் இருந்தது. அவ்வளவைப் படித்ததும், 'பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் திரைக் கீபோர்டு மெதுவாக வருகிறது' என்ற ஒரு லட்சம் ஓட்டு வாங்கிய தாய்ப் புகாரின் மடியில் தூக்கிப் போட்டவள் அவள்தான். மீதியை இப்போதுதான் படித்தாள்.

'என் உடம்பில் அசைவது வலது கன்னம் ஒன்றுதான். கன்னத்தை ஒட்டி வைத்திருக்கிற பொத்தானை அழுத்தி எழுத்தெழுத்தாக எழுதுகிறேன். தொண்டையில் சளி அடைத்தால் அதே பொத்தானால் கம்ப்யூட்டரில் மணி அடிப்பேன். கீழே கடையில் இருப்பவர்கள் ஓடி வந்து மெஷின் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். அப்டேட் வந்தால் கம்ப்யூட்டர் தானே அணைந்து, தானே எழுந்து, பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. அங்கே கீபோர்டு வருகிறது, என் பொத்தான் மட்டும் வேலை செய்வதில்லை. யாராவது வந்து பாஸ்வேர்டு போடும் வரைக்கும் நான் ஊமை. நம்பிக்கை இல்லையென்றால் நேரில் வந்து பாருங்கள். ஸ்டேஷன் பின்பக்கம், ராமாலயத்துக்கு எதிர்ச் சந்து, இஸ்திரிக் கடை மாடி.'

 கீபோர்டு இனி வேகமாக வரும், அது உண்மை. அவருடைய பொத்தானை யாரும் தொடவே இல்லை. போதாததற்கு இந்த அப்டேட்டில் புதிதாக ஒரு சௌகரியம் வேறு சேர்த்திருந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாவிட்டால், ஆள் இல்லை என்று முடிவுகட்டி, கேட்காமலே அணைந்து எழுந்துகொள்ளும். நரசய்யா சற்றுக் கண்ணயர்ந்தால் சிஸ்டத்தின் கணக்கில் அங்கே ஆளே இல்லை.

சேஷகிரியின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த நரசய்யா லெட்டர். அது தீரவே இல்ல சார். நான் தப்பான இடத்துல சேர்த்துட்டேன்."

"நம்ம பாராட்டு லெட்டரா? அருமையான லெட்டர்ம்மா. அமெரிக்கா ஹெட் ஆபீஸுக்கே அனுப்பிட்டேன்."

"அவர் இன்னிக்கு வீட்டுல தனியா இருக்காரு சார். நாம சொன்னதை நம்பி அந்தம்மா வேலைக்குப் போயிட்டாங்க. அப்டேட் ஏறிச்சுன்னா அவரால மணி அடிக்க முடியாது. சளி அடைச்சா உயிர் போயிடும். வெளியீட்டை நிறுத்துங்க."

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றினார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் கதை சுலபமாக முடிந்துவிடும். கெட்டவர் இல்லை. ஆபீஸ் ஆயாவின் பிள்ளைக்குக் காலேஜ் சேர்க்கை வாங்கிக் கொடுக்க அலைந்த மனுஷர்தான்.

"சரி, பிரிச்சு எடுத்துத் தனிப் புகாரா போடு. ஓட்டு எத்தனை?"

"ஒண்ணு. அவரோடது."

"ஒரு ஓட்டா? அதை வெச்சுக்கிட்டு நிறுத்துன்னு கேட்டா என்னைத்தான் நிறுத்துவாங்க. இங்க பாரு, முன்கூட்டி வாங்கினவங்களுக்கு நேத்தே போயாச்சு. ஆயிரக்கணக்கான ஜனம். பொத்தான் வேலை செய்யலைன்னு ஒருத்தராவது எழுதியிருக்காங்களா? ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் பாப்போம்."

"அவருக்காவது தகவல் சொல்றேன் சார்."

"நேர்ல தொடர்பு கொள்ளக் கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கே. வேலை போயிடும் தாயி. போய் ஒரு டீ குடி."

திரும்பி வந்தபோது இம்தியாஸ் அவள் திரையைப் படித்துக்கொண்டிருந்தான். அவள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிஸ்டத்தில் அவன் பார்க்கக் கூடாத இடத்துக்குள் போய் நரசய்யாவின் கம்ப்யூட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தான். 

"அக்கா, காலையிலயே ஏறிடுச்சு. பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்குது."

அவனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் இருந்த பெண் கேள்வி கேட்டாள். பேஷண்ட் என்ன சொன்னார்? அவரால் எதுவும் சொல்ல முடியாது. அப்படியானால் அவருக்கு முடியவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவருடைய கம்ப்யூட்டர் அணைந்து எழுந்துவிட்டது, அதனால் தெரியும். "காலங்காத்தால விளையாடறீங்களா?" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

"நீ கிளம்பு அக்கா. கேட்டா வாந்தின்னு சொல்லிக்கிறேன்" என்றான் இம்தியாஸ்.

மெட்ரோவில் மெட்டுகூடா வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. மீதிப் பாதியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோக்காரரை அவள் விரட்டிய விரட்டில் அவர், "மேடம், பறக்கறதுக்கு எனக்கு லைசென்ஸ் குடுக்கல" என்றார். ராமாலயத்தின் எதிர்ச் சந்தில் இஸ்திரிக் கடையைப் பார்த்ததும் வண்டி நிற்குமுன்பே குதித்தாள்.

கடைக்காரி லச்சம்மா வேர்வை வழிய ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல நரசய்யா ஐயா எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்காரு. இன்னிக்கு ரொம்ப சமத்து. காலையிலேர்ந்து ஒரு மணிகூட அடிக்கல. தினம் இந்நேரத்துக்குள்ள என் பிராணனை வாங்கியிருப்பாரு."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"மணி அடிச்சாத்தானேம்மா போவேன்? அடிக்கலையே."

"சாவி எடுங்க! மணி அடிக்க முடியாம கிடக்காரு. ஓடி வாங்க!"

லச்சம்மா இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

நரசய்யாவின் முகம் கறுத்து ஊதாவாகியிருந்தது. தொண்டையில் கொரகொரவென்று ஒரு சத்தம், அதுவும் விட்டுவிட்டு. கன்னம் மட்டும் பொத்தானை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டே இருந்தது. எந்நேரமாக அழுத்தினாரோ, பொத்தான் உரசிய இடத்தில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. எதிரே திரையில் அழகான ஒரு மலைப் படம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம், அதன் கீழே ஒரு லட்சம் பேர் ஓட்டுப் போட்டுக் கேட்ட கீபோர்டு, பளிச்சென்று.

"ஐயோ தேவுடா, நான் கீழேதானே இருந்தேன், கீழேதானே இருந்தேன்" என்று புலம்பிக்கொண்டே லச்சம்மா குழாயைத் தொண்டைக்குள் விட்டு மெஷினைப் போட்டாள். சுவர்ச்சலா அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள். கண் சொருகிக்கொண்டே போயிற்று. போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள். பிறகு நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. இழுத்து ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கீழிருந்து துணி தீய்ந்த நாற்றம் மேலே வந்தது. லச்சம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

தகவல் போய் ஆண்டாளு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்தாள். புதுப் புடவை, விரலெல்லாம் சாக்பீஸ் தூள். கணவனைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, பாஸ்வேர்டைப் போட்டாள். அப்புறம்தான் திரும்பி, "நீ யாரும்மா?" என்றாள்.

சுவர்ச்சலா ஒளிக்கவில்லை. இன்ன கம்பெனி, இன்ன வேலை, பாதி படித்துவிட்டுச் சேர்த்தது நான் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிப்பாவி! தீர்ந்துடுச்சுன்னு எழுதினீங்களே! அதைப் படிச்சிட்டுக் கோயில்ல தேங்காய் உடைச்சேனே! என்னை மாலை போட்டு வேலைக்கு அனுப்பிட்டு இவரைக் கொல்லப் பாத்தீங்களே!"

  அந்த நேரம் பார்த்து சுவர்ச்சலாவின் போன் அடித்தது. சேஷகிரி.

"உங்க ஆபீஸா? ஸ்பீக்கர்ல போடு. நானும் கேக்கறேன்" என்றாள் ஆண்டாளு.

"எங்கம்மா போயிட்டே? வாந்தின்னான் இம்தியாஸ். கேக் வந்தாச்சு, உனக்காகத்தான் வெயிட்டிங். அப்டேட்டை ஊர் உலகத்துக்கெல்லாம் விட்டாச்சு!" சேஷகிரிக்குப் பின்னால் ஒரே கொண்டாட்டமாக இருந்தது.

"திருப்பி வாங்குங்க சார். நான் மல்காஜ்கிரியில நிக்கறேன். இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா பொணத்தைத்தான் பாத்திருப்பேன்."

அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. அறைக் கதவைச் சாத்தியிருப்பார்.

"அங்க போயிட்டியா? சரி, அவர் பிழைச்சுட்டாரில்ல?"

"இவர் வீட்டுக்கு வழி எழுதியிருந்தாரு சார், அதனால பிழைச்சாரு. எழுதாதவங்க? இதே மாதிரி எத்தனை வீட்டுல எத்தனை பேரு படுத்துக் கிடக்காங்களோ!"

"நீ பதட்டத்துல இருக்கே சுவர்ச்சலா. நிதானமா யோசி. அப்படிப் பேரு இருந்தா எழுத மாட்டாங்களா? எழுத்து சின்னதா இருந்தாக்கூட எழுதற ஜனம் இது. இப்பக்கூடப் பாத்துட்டுத்தான் பேசறேன். நேத்து முன்கூட்டி விட்டதுலேர்ந்து, பொத்தான் பத்தி ஒரு புகார்... ஒரே ஒரு புகார் வந்திருக்கா? வரல. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

கட்டிலிலிருந்து டக் என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடி டக். புண்ணான கன்னத்தால் நரசய்யா பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. வேண்டிய எழுத்து வரும் வரைக்கும் காத்திருந்து அழுத்தினார். "பேசாதீங்க, கொஞ்சம் ஓய்வா இருங்க" என்று ஆண்டாளு கெஞ்சினாள். அவர் நிறுத்தவில்லை. போனில் சேஷகிரி, "ஹலோ, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.  எழுதி முடித்ததும் கம்ப்யூட்டர் தன் ஏற்ற இறக்கமில்லாத குரலில் அதைப் படித்தது.

"நானும் இன்னிக்குப் புகார் குடுக்கல சார்."

"யாரது பேசறது?" என்றார் சேஷகிரி.