இருநூறுக்குள் ஒரு ரேங்க்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆந்திராவில் இருக்கிற நகரியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "நாகபூஷணமா? தறி ஓடுற சத்தத்தவுட அவன் கத்துற சத்தம் ஜாஸ்தி" என்பார்கள். அந்தக் கோபத்தால் நான் நாசமாய்ப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அடிபட்டது என் மகள் தேன்மொழி.

அவள் எட்டாவது முடித்த வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் செக்‌ஷனை மூடிவிட்டார்கள். பதினோரு பிள்ளைகளுக்கு எங்கே போய் வாத்தியார் பிடிப்பது, ஒன்பதாவதிலிருந்து தெலுங்கு மீடியத்தில் உட்காரட்டும் என்றார் ஹெட்மாஸ்டர் கோவர்த்தனன். நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. "டி.சி. குடுங்க சார், பள்ளிப்பட்டுல சேத்துக்கிறேன்" என்றேன். பள்ளிப்பட்டு தமிழ்நாடு. பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம். எங்கள் ஆட்கள் அங்கே பெண் எடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள். அது வேறு மாநிலம் என்று யாரும் நினைத்ததே இல்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒத்து நாகபூஷணம், வேணாம். பொண்ணு நல்லா படிக்குது. நாளைக்கு எம்செட் எழுதி டாக்டர் சீட்டு கேக்கணும்னா, கடைசி நாலு வருசம் இங்கயே படிச்சிருக்கணும். இல்லாட்டி நான்-லோக்கல்ல தள்ளிடுவாங்க."

"எங்க தாத்தா காலத்துல இருந்து நகரியில கீறோம் சார். ரேஷன் கார்டு இங்க, ஓட்டு இங்க, வீட்டு வரி இங்க. எங்கள எவன் தள்றான், பாக்கலாம்!" என்று மேசையைத் தட்டினேன். டி.சி.யை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

இரண்டு வருஷம் பள்ளிப்பட்டுக்குப் போய் வந்தாள். பத்தாவதில் பள்ளிக்கே முதல். தெருவுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தேன். கோவர்த்தனன் சார் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினேன், வேண்டுமென்றே.

அப்போது திருப்பதியில் தெருவுக்கு ஒரு ஜூனியர் காலேஜ் முளைத்துக்கொண்டிருந்தது. கைத்தறியை எடுத்துவிட்டு பவர்லூம் போட்ட எங்களுக்கெல்லாம், பிள்ளையை டாக்டராக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று ஆசை வந்திருந்த காலம். இன்டரும் (நம்ம பிளஸ் டூ மாதிரி) எம்செட் கோச்சிங்கும் ஒன்றாக நடக்கிற ஒரு காலேஜில் சேர்த்தேன். பாரம் நிரப்ப அவளை ஆபீஸுக்குள் கூப்பிட்டார்கள். நான் வெளியே டிரங்குப் பெட்டியைக் காத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல நைனா. உள்ள ஒரே புழுக்கம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலுக்குப் பார்க்கப் போவோம். வாங்க வேண்டிய ரேங்க்கை ஒரு காகிதத்தில் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டிக்கொள்வது அந்தப் பிள்ளைகளின் வழக்கம். கூட இருந்த ரூபா, புத்தூர்ப் பெண், 1500 என்று எழுதியிருந்தாள். என் மகளின் காகிதத்தில் 200.

"ஆயிரத்து ஐநூறு வந்தாலே சீட்டுங்கிறாங்க. உனுக்கு மட்டும் இன்னாத்துக்கு எரநூறு? பேப்பர்ல போட்டோ வரணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன். ரூபாவின் அம்மாவிடம், "எம்பொண்ணுக்கு ஆசை ஜாஸ்தி, என்ன மாதிரி" என்று பெருமை வேறு. தேன்மொழி சிரிக்கவில்லை. பாட்டனி புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினாள்.

இளைத்துப் போனாள். தசராவுக்கு வரவில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. "அந்த ரூபா சங்கராந்திக்கு ஊட்டுக்குப் போயி நல்லா துன்னுட்டு வருது. இது ஏன் இப்படி உயிர வுட்டுக்கினு கீது?" என்று என் மனைவி சுலோசனா புலம்பினாள். படிக்கிற பிள்ளையைக் கெடுக்காதே என்று அவளிடமும் கத்தினேன்.

ரிசல்ட் வந்தது. ரூபா 1412. தேன்மொழி 640. நான் தறியை நிறுத்திவிட்டுத் தெருவில் ஓடினேன். அவளோ நம்பரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எரநூறு வரலைன்னு எம்பொண்ணுக்குக் கோபம் என்று வந்தவர்களிடமெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன்.

திருப்பதியில் கவுன்சிலிங். சர்ட்டிபிகேட் பார்க்கிறவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு வந்து, பள்ளிப்பட்டுத் தாளில் நிறுத்தினார். அவர் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழியே சொன்னாள். "நான்-லோக்கல் சார்."

ரேஷன் கார்டை எடுத்துப் போட்டேன். வீட்டு வரி ரசீதைப் போட்டேன். கத்தினேன். அவர் பொறுமையாக, "இல்லு எக்கடுன்னா சரே, சதுவு எக்கடன்னதே லெக்க" என்றார். வீடு எங்கே இருந்தால் என்ன, எங்கே படித்தாள் என்பதுதான் கணக்காம். நான்-லோக்கல் பிள்ளைகளுக்கு இருந்த கொஞ்சம் சீட்டும் இருநூறு சொச்சம் ரேங்க்கோடு தீர்ந்துபோயிருந்தது. தமிழ்நாட்டில் கேட்கலாம் என்றால், அங்கே அவள் பிளஸ் டூ படிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ரூபாவுக்குச் சீட்டுக் கிடைத்தது. இன்று அவள் டாக்டர். என் மகள் பி.எஸ்சி. படித்துவிட்டு, சென்னையில் ஒரு லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நல்ல வேலைதான் நைனா என்கிறாள். எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை.

கவுன்சிலிங் அன்று வெளியே வந்ததும், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திக் கேட்டேன். "உனுக்கு முன்னாலயே தெரியுமா?"

"காலேஜ்ல சேந்த அன்னிக்கே தெரியும். பாரத்தப் பாத்துட்டு கிளார்க் சொன்னாரு. நீ நான்-லோக்கல், எரநூறுக்குள்ள வந்தாதான் சீட்டுன்னு."

"ரெண்டு வருசமா ஏம்மா சொல்லல?"

"சொல்லி இன்னா பண்றது? அன்னிக்கு வாங்கின டி.சி.ய திருப்பியா குடுக்க முடியும்? எரநூறுக்குள்ள வந்துட்டா, உனுக்குத் தெரியாமலே போயிடும்னுதான் படிச்சிக்கினு இருந்தேன். முடியல நைனா."

தப்புச் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.