மரக்கடை வளைவில் பாதியில் நின்ற ஜெபம்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை வேண்டாம். என் அண்ணி எழுதச் சொன்னார். கல்யாணமாகி வந்த பதினான்கு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி இதுதான். வெங்காயம் உரித்துத் தா என்றுகூடக் கேட்டதில்லை.

அடுப்பங்கரையில் எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டு சொன்னார்.

"தம்பி, நீங்க ஒரு கதை எழுதணும். நான் செஞ்சத அப்படியே போட்டுடணும். அவர்கிட்ட வாய்விட்டுச் சொல்ல என்னால முடியல. நீங்க எழுதுனா அவர் எப்படியும் படிப்பாரு."

அவர் என்பது என் அண்ணன், சபையின் போதகர். நான் எதை எழுதினாலும் வெளியே அனுப்பும் முன் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படிப்பவர். நான் கோயில் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. என் எழுத்தில் பிழை தேடுகிற ஆர்வத்தில் பாதியைக்கூட என் ஆத்துமாவில் காட்டியதில்லை. அதனால்தான் ஒரே வீட்டில் இருக்க முடிகிறது.

ஆக, இது ஒரு பாவ அறிக்கை. தப்புச் செய்தவர் ஒருவர், பேனா பிடித்தவன் இன்னொருவன். வளவளவென்று போனால் என்னைத் திட்டுங்கள், அண்ணியை விட்டுவிடுங்கள்.

2

"அந்த ஞாயிறு மதியம் வானம்—"

[அடித்துவிட்டேன். வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.]

"வண்டி சரிந்தபோது அவர்—"

[இதையும் அடித்துவிட்டேன். அண்ணி எப்படி ஓட்டுவார் என்று தெரியாமல் விழுந்ததை மட்டும் படித்தால், ரோட்டில் போகிற யாரோ விழுந்த மாதிரி இருக்கும்.]

சரி, நேராகவே வருகிறேன். அண்ணி ஒரு டிரைவிங் ஸ்கூலில் பைக் ஓட்டக் கற்றுத்தருபவர். ஆள் என் தோள் உயரம். ஓட்டுவது முந்நூற்றைம்பது சிசி பழைய வண்டி, அவரைப் போல மூன்று பேர் எடை. ஏறி உட்கார்ந்ததும் பெட்ரோல் டேங்கை ஒரு தட்டு தட்டி "ஸ்தோத்திரம்" என்பார். அதற்குப் பிறகுதான் சாவி.

அவர் வளைவில் வண்டியைச் சாய்த்து எடுப்பதைப் பார்க்கவேண்டும். அடடா! பதற்றமே இருக்காது. நான் ஒருமுறை ரகசியம் கேட்டேன்.

"ரகசியமெல்லாம் இல்ல தம்பி. பயந்துபோய் வண்டிய நிமிர்த்திப் பிடிக்கிறவந்தான் விழுவான். சாயற நேரத்துல சாயவிடணும். அது தாங்கும்."

விசுவாசம் என்றால் என்ன என்று அண்ணன் மேடையில் நாற்பது நிமிஷம் பேசுவார். எனக்கு அது என்றைக்கும் புரிந்ததில்லை. அண்ணி திரும்புகிற வளைவில் கொஞ்சம் புரிந்த மாதிரி இருக்கும். (அண்ணா, இதைச் சிவப்பில் அடிக்காதே.)

பழக வருகிறவர்களுக்கு அண்ணி முதல் நாளே சொல்வது ஒன்று உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்: "கை நடுங்கலாம், கால் நடுங்கலாம். கண்ணு மட்டும் ரோட்ட விட்டுப் போகக்கூடாது."

அண்ணனும் அப்படிப் பழக வந்தவர்தான். மூன்று முறை லைசென்ஸ் பரீட்சையில் தோற்று, கடைசியில் கோயில் கேட்டிலேயே போய் மோதினார். வண்டி கைவரவில்லை, வாத்தியார் கைகூடினார். அன்றிலிருந்து அவர் எப்போதும் பின்சீட்.

3

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் கிளம்புவார்கள். கோயிலுக்கு வரமுடியாமல் படுத்திருப்பவர்களுக்குத் திருவிருந்து கொடுக்க. அப்பம் ஒரு தகரப் பெட்டியில், திராட்சரசம் சின்ன பிளாஸ்கில், மூன்று சிறிய கண்ணாடிக் குவளைகள் அண்ணனின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், கைக்குட்டை சுற்றி.

கடைசி வீடு பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கே இருப்பவரை எல்லோரும் 'டிரைவர்' என்பார்கள். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது ஒரு பக்கம் கை கால் வராது, கட்டில் ஜன்னலோரம். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார்.

"கியர மூணுலேருந்து ரெண்டுக்கு லேட்டா மாத்துறியேம்மா."

"உங்க தெருவுல பள்ளம் அப்படி."

"பள்ளத்த சொல்லாத. நான் அதுல பஸ்ஸே ஓட்டுனவன்."

இந்தச் சண்டை முடிந்துதான் ஜெபம். டிரைவருக்குப் பாதித் திருவிருந்து அந்தச் சத்தத்திலேயே கிடைத்துவிடும் என்று அண்ணன் சொல்வார்.

இன்னொரு சங்கதி, சின்னதுதான். கல்யாணமான புதிதில் அண்ணன் ஒருநாள் ஒரு வட்டக் கண்ணாடி வாங்கிவந்து, வண்டியின் இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டினார். குழம்புக் கரண்டி அளவு.

"எதுக்குங்க இது? ரோடும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல. என் மூக்குதான் தெரியுது."

"அழகுக்கு," என்றார் அண்ணன்.

* இந்த இடத்தில் கண்ணாடியைப் பற்றித் தத்துவமாக ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்கே குமட்டியது. தூக்கிவிட்டேன்.

4

இப்போது விழுந்த கதை.

சபையார் அவர்களுக்கு இன்டர்காம் பரிசளித்தார்கள், ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஓடும் வண்டியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் கருவி. அதுவரை அவர்கள் வண்டியில் பேசியதே இல்லை. காற்றில் எதுவும் காதில் விழாது. அந்த ஞாயிறுதான் முதல் நாள். அண்ணனுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். வழியெல்லாம் "கேக்குதா? கேக்குதா?" என்று தொணதொணத்திருக்கிறார்.

மரக்கடை வளைவு வந்தது. லாரியிலிருந்து கொட்டிய மணல் ரோட்டோரத்தில் கிடந்தது. வண்டி மணலில் சறுக்கி—

[இல்லை. மணல் கிடந்தது உண்மை, ஆனால் வண்டி அதைத் தொடவே இல்லை. சபைக்கும் மருத்துவமனைக்கும் சொன்ன கணக்குத்தான் மணல். நான் அண்ணனிடம் கொடுத்த முதல் பிரதியிலும் மணல் என்றுதான் எழுதியிருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.]

நடந்தது இது. வளைவுக்குள் வண்டி சாய்ந்திருக்கும்போது அண்ணன் உற்சாகத்தில், மேடையில் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "ஜெபிப்போம்."

அண்ணியின் கண் மூடிக்கொண்டது.

வேறு யாருக்கும் இது வேடிக்கையாக இருக்கும். எங்களைப் போல வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 'ஜெபிப்போம்' என்றால் கண்ணை மூடவேண்டும். மூன்று வயதில் மூடாமல் விழித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருக்கும் அம்மா தொடையில் கிள்ளுவார். எங்கள் எல்லோர் தொடையிலும் அந்தக் கிள்ளு இருக்கிறது. மூளைக்குத் தகவல் போகும் முன்பே இமை இறங்கிவிடும்.

இரண்டு விநாடி இருக்கும். "எங்கள் பரம தகப்பனே" என்பதுவரை அண்ணன் சொல்லியிருக்கிறார். அடுத்த வார்த்தைக்குள் வண்டி மரக்கட்டை அடுக்கில்.

திராட்சரசம் அண்ணியின் சட்டைக் கையில் ரத்தம் போல— [சீ. கேவலமான உவமை. விட்டுத்தள்ளுங்கள்.] அண்ணிக்கு முழங்கையில் சிராய்ப்பு. அண்ணனுக்குக் கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. குவளைகள் மூன்றும் உடையவில்லை, அதுதான் அதிசயம்.

5

"பாடம் சொல்லித்தர்ற நானே கண்ண மூடிட்டேன் தம்பி," என்றார் அண்ணி, அடுப்பங்கரையில், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு. "அவர் கால் போயிருந்தா? மணல்னு அவரே சொன்னாரு. நானும் ஆமான்னுட்டேன். இப்ப அந்தப் பொய் வீட்டுக்குள்ள உக்காந்துருக்கு."

"சொல்லிட்டா அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாரு அண்ணி."

"அதான் பயம். ஒண்ணும் சொல்லமாட்டாரு. பின்னால ஏறி உக்காருவாரு. ஆனா ஒவ்வொரு வளைவுக்கும் என் கண்ண நினைச்சுக்குவாரு. பொய்ய வச்சுக்கிட்டும் அவர ஏத்த மாட்டேன், சொல்லிட்டு அவர் நடுங்கறதையும் என்னால தாங்க முடியாது."

வண்டி ஒன்பது வாரம் போர்வைக்குள் நின்றது. அண்ணி டிரைவிங் ஸ்கூலில் பாடம் மட்டும் வாயால் சொன்னார், வண்டியைத் தொடவில்லை.

இதற்கிடையில் டிரைவர். சபை மூப்பர் ஒருவர் காரில் அப்பமும் ரசமும் எடுத்துப் போனார். டிரைவர் வாங்கிக்கொள்ளவில்லை. "வண்டி வரட்டும்" என்று மட்டும் சொல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த முறையும் அதே. மூச்சுவாங்குவது அதிகமாகிவிட்டது, இனி வாரக்கணக்குத்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் சத்தத்துக்காகக் காதை நீட்டிக்கொண்டு கிடக்கிறார்.

இவ்வளவு தெரிந்தும் நான் முதல் பிரதியில் மணல் என்று எழுதினேன். அண்ணியின் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம். எழுத்தாளன் என்று பேர்தான் பெத்த பேர். கேட்ட ஒரே உதவியையும் கெடுத்துவைத்தேன்.

6

பிரதி திரும்பி வந்தது. வழக்கம்போலச் சிவப்பு. ஆனால் நாலாவது பகுதியில் ஒரு பிழைகூடத் திருத்தப்படவில்லை. 'மணல்' என்ற வார்த்தையை மட்டும் வட்டமிட்டு, ஓரத்தில் அண்ணனின் குண்டுக் கையெழுத்து:

"மணல் இல்லை. வட்டக் கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அவள் கண்ணைப் பார்த்தால் கலக்காது. அதற்காகத்தான் அதை ஒட்டினேன். கண் மூடியதைப் பார்த்தேன். மூட வைத்தது என் குரல். பொய் சொன்னதும் முதலில் நான்தான்."

நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக அண்ணியிடம் போனேன். அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு கூடத்துக்கு நடந்தார். அண்ணன் காலை முக்காலியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஒம்பது வாரமா?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நான் கேட்டா நீ வண்டியவே வித்துடுவ."

"பின்னால ஏற பயமா இல்லையா உங்களுக்கு?"

"பதினாலு வருஷமா உன் கண்ணப் பாத்துத்தான் உக்காந்துருக்கேன். ரெண்டு விநாடிக்காகவா பயப்படுவேன்? ஜெபிப்போம்னு சொன்னது நான். தப்பு என்னோடது."

"ஓட்டுனது நான். மூடுனது என் கண்ணு. அதுல நீங்க பங்கு கேக்காதீங்க." அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "சபை பூரா மணல் மணல்னு சொன்னீங்களே. இவரு ஒரு போதகரு!"

"அடுத்த ஞாயிறு சபையில சொல்லிடறேன்," என்றார் அண்ணன். "இன்னொண்ணும் பாக்கி நிக்குது. பரம தகப்பனேன்னு கூப்பிட்டு அப்படியே விட்டுட்டோம். இன்னும் ஆமென் சொல்லல."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் இருவர் மேலும் எனக்கு வந்த மரியாதையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எழுதாமல் விடுகிறேன்.

7

முடிவு.

(அ) டிரைவர் தெருமுனைச் சத்தத்தைக் கேட்டு, "லேட்டா மாத்துறியேம்மா" என்கிறார். அப்பம் வாங்குகிறார். [எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.]

(ஆ) அவர்கள் போய்ச் சேரும்போது கட்டில்— [முடியாது. எழுதமாட்டேன்.]

(இ) மரக்கடை வளைவில் அண்ணி வண்டியை நிறுத்திவிட்டு, இருவரும்—

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நேற்று ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணி போர்வையை இழுத்துப் போட்டார். டேங்கைத் தட்டினார். "ஸ்தோத்திரம்." அண்ணன் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துப் பின்சீட்டில் ஏறினார். வட்டக் கண்ணாடியை அண்ணியே விரலால் திருப்பிச் சரிசெய்தார். "தெரியுதா?" "தெரியுது." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது அவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

இன்னும் திரும்பவில்லை. டிரைவர் வீட்டிலேயே இரவு தங்குகிறோம் என்று மட்டும் செய்தி வந்தது. ஏன் தங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கதை முடிந்துவிடும். நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி கிளம்பியதையாவது பார்த்திருப்பாயே, அண்ணி வளைவை எப்படி எடுத்தார் என்று கேட்பீர்கள். எங்கள் தெருமுனையிலேயே ஒரு வளைவு உண்டு, வாசலில் நின்றால் நன்றாகத் தெரியும். நான் வாசலில்தான் நின்றேன், கையில் தடியோடு. ஆனால் பார்க்கவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றிலிருந்து இரண்டுக்கு, கொஞ்சம் லேட்டாக.

நான் கண்ணை மூடியிருந்தேன்.