பதினேழாவது வரி

கட்டுமானச் சாமான் கிடங்கின் ஆஸ்பெஸ்டாஸ் பதிவேட்டில் பதினேழாவது வரியாகக் கூரைக்காரர் எழுதப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. அதற்கு முன்பே அவர் தும்மினால் வெள்ளைத் தூள் பறக்கும்; வாய்விட்டுச் சிரித்தால் மேசையெல்லாம் மாவு சலித்ததுபோல் ஆகிவிடும். வாடிக்கையாளர் கேட்ட அளவுக்கு இருபத்தாறு வருடம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தவர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெருக்குகிறவர் மட்டும் முணுமுணுப்பார்.

பிறகு, ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலைக் கெடுக்கும் என்று சட்டம் வந்தது. கட்டிடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் எங்கெல்லாம் இருக்கிறதென்று முதலாளி கண்டுபிடித்து எழுதிவைக்க வேண்டும், எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும், வருடா வருடம் அதன் நிலைமையைப் பார்க்க வேண்டும், உரிமம் இல்லாதவர் அதை அகற்றக் கூடாது. முதலாளி பயந்த சுபாவம். கூரை, குழாய், பழைய கதவு என்று பதினாறு இடங்களை எழுதிச் சீட்டும் ஒட்டினார். கையோடு, இருமல் தாங்கவில்லை என்று கூரைக்காரரை வேலையை விட்டு அனுப்பவும் முடிவு செய்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூரைக்காரரின் மனைவி வந்து, சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தை அடிவரை படித்தார். பதிவேட்டைச் சரிபார்க்க வந்த அரசு ஆய்வாளர் ஏணியில் நின்று கூரைக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டைக் கூரையை வருஷா வருஷம் வந்து பாக்குறீங்க. இவர் நெஞ்சுக்குள்ள இருக்கிறதும் அதே சரக்குதானே சார்? இவரையும் எழுதுங்க."

ஆய்வாளர் இறங்கி வந்து, ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் கூவும் கருவியைக் கூரைக்காரரின் மார்பில் வைத்தார். அது கூவியது. படிவத்தில் 'இடம்' என்றுதான் கட்டம் இருந்தது, 'ஆள்' என்று இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்தை 'ஜன்னலோர நாற்காலி' என்று எழுதி, அவர் சட்டைப்பையில் சீட்டை ஒட்டினார்: துளையிடாதே, உரசாதே.

அதன்பின் கூரைக்காரரை யாராலும் அகற்ற முடியவில்லை. முதலாளியிடம் உரிமம் இல்லை. கூரைக்காரர் அருகில் யாரும் சத்தம் போடுவதில்லை. நிலைமை பார்க்க டாக்டரையும் முதலாளியே வரவழைத்தார். இருபத்தாறு வருடம் மனிதராக இருந்து கிடைக்காத கவனிப்பு, கட்டிடமானதும் கிடைத்தது. கேட்க எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

எட்டாவது வருடம் ஆய்வாளர் பதினேழாவது வரியில் 'லேசான சிதைவு' என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது, கருவி மனைவியைப் பார்த்துக் கூவியது.

"நீங்களும் ஷீட் அறுத்தீங்களாம்மா?"

"இல்ல சார். இவர் சட்டையை உதறித் துவைச்சேன்."

கூரைக்காரர் தலை குனிந்தார். ஆய்வாளர் பதினெட்டு என்று எண் போட்டார். மனைவி இன்னொரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடுங்க. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பாத்துட்டுப் போயிடலாம்" என்றார். துவைத்தாலும் போகாத சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.