பிடியை விடாத புரோகிராம்

திங்கட்கிழமை காலை லிதியா ஆபீசுக்கு வந்து பார்த்தபோது, தற்காலிக ஃபைல்களைப் போட்டு வைக்கும் டெம்ப் ஃபோல்டர் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி காலியாக இருந்தது. அடக் கடவுளே! மொவாலா தீவுப் பெண்கள் பதினொரு மாதம் இடுப்பளவு தண்ணீரில் நின்று எண்ணிய சிப்பிக் கணக்கு முழுவதையும், அவள் எழுதிய புரோகிராம் வெள்ளிக்கிழமை அங்கேதான் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தது. வியாழக்கிழமை அதைப் பார்த்துத்தான் ஊர்த்தலைவர் சிப்பி எடுக்கக் கடலைத் திறப்பதா, இன்னும் ஓராண்டு மூடியே வைப்பதா என்று சொல்வார்.

தீவில் வேறு பிரதி கிடையாது. கணக்கை சுவா நகரத்திலிருக்கும் இந்த ஆபீசுக்கு அனுப்பியதும் டேப்லெட்டுகள் தாமாகவே காலியாகிவிடும். அந்த ஏற்பாடும் இந்த மகராசி செய்ததுதான்.

"விடியக்காலையில டெம்ப்பை யாரு துடைச்சது?"

"வாராவாரம் துடைக்கிறதுதானே," என்றான் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பிரனீல், ரொட்டியை மென்றபடி. "சத்திரத்துல நகையை வச்சுட்டுப் போயிட்டு இப்ப வந்து கேக்குறியா?"

"சேத்ததும் நிரந்தர இடத்துக்கு மாத்தலாம்னு இருந்தேன்டா. மழை வந்துச்சு, பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் பிரனீல் மெல்லுவதை நிறுத்தினான். "சரி சரி, சர்வரை ஒருதரம் அணைச்சுப் போட்டுப் பாக்கலாம்."

"தொடாதே!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் கை அந்தரத்திலேயே நின்றது.

திரையில் அவளுடைய புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 'சேர்த்தாயிற்று. பதியலாமா?' என்று கேட்டுவிட்டு மூன்று நாளாகப் பதிலுக்குக் காத்துக் கிடந்தது. ஃபைலின் பெயரைத்தான் அழித்திருக்கிறார்கள். அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் பிடியை விடுகிறவரை உள்ளே இருப்பது டிஸ்கிலேயே இருக்கும். அணைத்தால் போச்சு. 'பதி' என்று அழுத்தினாலும் போச்சு. பெயரைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், புரோகிராம் தானே செத்துவிடும்.

புரோகிராம் திறந்து வைத்திருந்த ஃபைல்களின் பட்டியலை எடுத்தாள். ஒன்றின் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்றிருந்தது. பட்டியலில் அதற்கிருந்த எண்ணைப் பிடித்து, உள்ளிருந்ததை வேறிடத்துக்கு நகலெடுத்தாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வரிகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

பிரனீல் பெருமூச்சு விட்டான். "யாருக்கும் தெரிய வேண்டாம், விடு."

லிதியாவுக்கு மனசு கேட்கவில்லை. மொவாலாவில் எண்ணும் பெண்களுக்குத் தலைவியான வாசிதி அத்தைக்கு போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் அலைச்சத்தத்துக்கு மேலே அத்தையின் குரல் எழுந்தது.

"நோட்டு எதுக்கு அத்தை, அதான் மெஷின் இருக்கேன்னு நீதானேடி சொன்னே? உன்னை நம்பித்தான் எழுதுறதையே விட்டோம்."

"ஆமா அத்தை. தப்பு என்னோடதுதான்."

"கணக்கு கிடைச்சிருச்சுல்ல?"

"கிடைச்சிருச்சு."

"அப்ப அழாதே. புதன்கிழமை கப்பல்ல இருபது நோட்டு அனுப்பு. பேனாவும் அனுப்பு, உப்புத்தண்ணி பட்டாலும் எழுத்து கலையாததா."