பேடில் ஒட்டிய நீலம்

லென்ஸ் என்றால் அந்த வட்டாரத்தில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. கார் பெயின்டில் முடி அளவு கீறல் இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்திரண்டு வருஷமாகக் கார்களுக்கு பாலிஷ் போடுகிறார். "இந்தக் கதவு மாத்தினது", "இந்த பானெட்டுக்கு ரெண்டாவது தடவை பெயின்ட் அடிச்சிருக்கீங்க" என்று அவர் போகிற போக்கில் சொல்லும்போது வண்டிக்காரர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

அப்பேர்ப்பட்டவருக்கு எட்டு மாசமாக எதுவுமே உறைக்கவில்லை.

மனைவி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்களுக்கு இவர் நாற்காலி எடுத்துப் போட்டார். வாசலில் இறைந்து கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். யாரோ கட்டிப்பிடித்துக் கதறியபோது அவர் முதுகை இவர் தட்டிக்கொடுத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வரும், ராத்திரி வரும், நாளைக்கு வரும் என்று அவரும் காத்துப் பார்த்தார். அவள் அலமாரியைத் திறந்து அரை மணி நேரம் நின்றுகூடப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கதவை மூடிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

வெளியூரில் இருக்கும் ஒரே மகள் அதை மன்னிக்கவில்லை. "அம்மா உங்களுக்கு யாருப்பா? கூட வேலை பார்த்தவங்க செத்தாக்கூட மனுஷன் அழுவான்" என்று கிளம்புகிற அன்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வரும். சாப்டீங்களா, சாப்பிட்டேன், சரி, சரி. அவ்வளவுதான் பேச்சு. அந்த 'சரி' ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் அதுவும் நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பதறவில்லை. பதறாததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

போன வாரம் மகள் வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி கூடுதலாகப் பேசினாள். "அம்மா வண்டிய நான் எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்களுக்கு அது வெறும் வண்டிதானே."

"எடுத்துக்கோம்மா" என்றார். வாயால் சொல்லத்தான் வரவில்லை, வண்டியையாவது பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தால் அவள் பார்ப்பாள், ஏதாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தார். அவர் கையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அடர் நீலக் காரைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். கடையில் கூட்டாளி அவர் மச்சினன், மனைவியின் தம்பி. வாய் ஓயாதவன். ஆனால் அக்கா வண்டியைப் பார்த்ததும் பேசாமல் தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து கழுவிக் கொடுத்தான்.

கடை அலமாரியில் இரண்டு பாலிஷ் மிஷின்கள் இருந்தன. ஒன்று ரோட்டரி. அது ஒரே அச்சில் கிறுகிறுவென்று சுற்றும். ஆழமான கீறலைக்கூட ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடும், கொஞ்சம் அசந்தால் பெயின்டையும் சேர்த்து எடுத்துவிடும். அதைப் பிடிக்கிறவன் நிமிஷத்துக்கு ஒருமுறை பெயின்டின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தபடியே இருக்க வேண்டும். இன்னொன்று டூயல் ஆக்ஷன். சுற்றிக்கொண்டே ஆடும், அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும், அதனால் சூடு ஏறாது. வேலை மெதுவாக நடக்கும், ஆனால் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். புதிதாக வீட்டில் சொந்தமாக பாலிஷ் போடுகிறேன் என்று வருபவர்களுக்கு லென்ஸ் அதைத்தான் வாங்கச் சொல்வார். தனக்கென்று அதைத் தொட்டதில்லை. "அது மாவாட்டுற மிஷின்" என்பார்.

அதெல்லாம் எட்டு மாசத்துக்கு முன்னால். மனைவி போன பிறகு கடைக்குத் திரும்பிய முதல் வாரமே ரோட்டரியை வைத்து ஒரு வெள்ளைக் காரின் பானெட் விளிம்பைத் தீய்த்துவிட்டார். கையை வைத்துப் பார்த்தார், சூடு இருந்தது, ஆனால் அது சூடு என்பது மண்டைக்கு எட்டவில்லை. மச்சினன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான். அன்றைக்குப் பூட்டி வைத்ததுதான் ரோட்டரி.

"எதை மாமா எடுக்கட்டும்?" என்று கேட்டான் மச்சினன்.

"ஆடுறதையே எடு. அக்கா வண்டி. நான் என்னை நம்ப மாட்டேன்."

மச்சினன் டூயல் ஆக்ஷனை எடுத்துவந்து பிளக்கில் செருகினான்.

லென்ஸ் வேலையை ஆரம்பித்தார். பெயின்டில் ஒட்டிய தூசி எடுக்கவென்றே வரும் களிமண் கட்டியால் தேய்த்து அழுக்கெடுத்தார். ரப்பர் ஓரங்களிலும் விளக்குகளைச் சுற்றியும் டேப் ஒட்டினார். ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு பேடில் பட்டாணி அளவுக்கு நாலு சொட்டு பாலிஷ். முதலில் மெதுவாகத் தடவிப் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, மேலும் கீழும் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. மிஷின் தன் கனத்திலேயே போகட்டும் என்று விட்டுவிட வேண்டும், கை வழி காட்டினால் போதும். பானெட், கூரை, வலது பக்கக் கதவுகள் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து விளக்கை அடித்துப் பார்த்தார். கண்ணாடி போல இருந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது. யாரோ ஒருத்தர் முகம் மாதிரி இருந்தது, சரி என்று அடுத்த பக்கம் போனார்.

இத்தனை வருஷத்தில் இந்த வண்டிக்கு அவர் பாலிஷ் போட்டதே இல்லை. ஊரான் வண்டியெல்லாம் மின்னும், வீட்டு வண்டி அழுது வடியும் என்று மச்சினன் கிண்டல் செய்வான். ஆனால் தப்பு இவர் மேல் இல்லை. அவள் விட்டால்தானே! "என் வண்டிக்கு இந்த அழகு போதும். நீங்க கைய வைக்காதீங்க" என்று துரத்திவிடுவாள். கழுவுவதும் அவளே, துடைப்பதும் அவளே. வீட்டில் நிறுத்தும்போதும் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரிதான் நிறுத்த வேண்டும், இடது பக்கம் சுவரை ஒட்டி. ஒரு அங்குலம் தள்ளி நின்றாலும் இறங்கி வந்து சத்தம் போடுவாள்.

சாப்பாட்டு நேரம் தாண்டி இடது பக்கத்துக்கு வந்தார். முன் கதவு, பின் கதவு முடிந்தது. பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாகத்தில் மிஷினை வைத்து இரண்டு சுற்றுகூடப் போகவில்லை. ஏதோ உறுத்த, நிறுத்திப் பேடைத் திருப்பிப் பார்த்தார்.

பேடில் நீலம் ஒட்டியிருந்தது.

இதைப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும், கிளியர் கோட் என்பார்கள். பாலிஷ் தேய்ப்பது அந்தப் பூச்சைத்தான். பேடில் வண்டியின் நிறம் ஒட்டியது என்றால் மேல் பூச்சு மொத்தமும் போய்விட்டது என்று அர்த்தம். அதுதான் தொழிலில் கெட்ட சகுனம், வெள்ளைக் காரிலும் அப்படித்தான் ஆனது.

"மாமா!" என்று மச்சினன் பதறினான். "தீய்ச்சிட்டீங்களா?"

லென்ஸ் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தன் கையை நம்பாமல் அவன் கையையும் பிடித்து வைத்தார். சில்லென்றுதான் இருந்தது. ரோட்டரியாக இருந்திருந்தால் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு அத்தோடு விட்டிருப்பார். இந்த மாவாட்டுகிற மிஷின் இரண்டு சுற்றில் கிளியர் கோட்டை எடுக்கவே எடுக்காது. அப்படியென்றால் எடுப்பதற்கு அங்கே கிளியர் கோட்டே இல்லை.

"மீட்டரை எடு" என்றார்.

பெயின்டின் கனத்தை அளக்கும் மீட்டர். கூரையில் வைத்தார், நூற்றுப் பத்து மைக்ரான். கதவில் வைத்தார், நூற்றுப் பதினைந்து. பின் பாகத்தில் வைத்தார், முந்நூற்று நாற்பது. இன்னொரு முறை வைத்தார். அதே முந்நூற்று நாற்பது.

"இது மறுபடி பெயின்ட் அடிச்சது" என்றார் மெதுவாக. எத்தனையோ பேரிடம் கெத்தாகச் சொன்ன வார்த்தை. சொந்த வண்டியைப் பார்த்து இன்றைக்குத்தான் சொல்கிறார். "உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் வயித்துல நிக்குமா மாமா? நீங்களே சொல்லுங்க."

அது நியாயம். கிளியர் கோட் போடாமல் வெறும் நீலத்தை அடித்து, கையாலேயே மெருகேற்றி விடுகிற ஆள் பக்கத்தில் ஒருத்தர்தான் உண்டு. லென்ஸ் டேப்பைக்கூடப் பிய்க்காமல், நீலம் ஒட்டிய பேடோடு வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த பெயின்டர் ஷெட்டுக்குப் போனார்.

பெயின்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வெளியே வந்தார். டேப்பைப் பார்த்தார், நீலப் பேடைப் பார்த்தார், லென்ஸ் முகத்தைப் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார்.

"எப்ப?"

"ஆறு வருஷம் இருக்கும். நீங்க ஏதோ பயிற்சிக்குன்னு வெளியூர் போனீங்களே, நாலு நாள்."

லென்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்ன பயிற்சி தெரியுமா? மறுபடி பெயின்ட் அடித்த வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்கிற பயிற்சி. இந்த மீட்டரே அங்கே வாங்கியதுதான். திரும்பி வந்த அன்று அவள்தான் இதே காரில் வந்து ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு போனாள். "இனி எந்தக் கொம்பனும் என்னை ஏமாத்த முடியாது" என்று வழி நெடுக இவர் அளந்தார். "அப்படியா, அப்படியா" என்று அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். அன்றைக்கு அவள் ஏன் அடிக்கடி உதட்டைக் கடித்துக்கொண்டாள் என்பது இப்போதுதான் புரிகிறது.

"கேட் தூண்ல ஒரச்சிடுச்சாம். அழுதுக்கிட்டே வந்துச்சு தங்கச்சி" என்றார் பெயின்டர். "கிளியர் கோட் கைவசம் இல்ல. நீங்க மறுநாள் வர்றீங்க. வெறும் நீலத்தையே அடிங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னுச்சு. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா தினமும் அதையே பார்த்துட்டு நிப்பாரு, எனக்கு மானம் போயிடும்னுச்சு."

"இவ்வளவு நாளா நீங்களும் வாயத் திறக்கலையே."

"சத்தியம் வாங்கிடுச்சே. அப்புறம் அதுக்கே விளையாட்டாப் போச்சு. எங்க என்னைப் பார்த்தாலும் விரலைக் காட்டும். ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணே, இன்னும் தெரியல. மூணு. நாலு. போன வருஷம் மார்க்கெட்ல ஒரு கை முழுசும் விரிச்சுக் காட்டிச் சிரிச்சுச்சு." பெயின்டர் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்லி வச்சிருந்துச்சு. அவர் கண்டுபிடிச்சா உடனே எனக்குப் போன் பண்ணுங்க அண்ணே, அந்த மூஞ்சிய நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்னு."

லென்ஸுக்குக் கோபம் வந்தது. எட்டு மாசத்தில் முதல்முறையாக ஒன்று வந்தது, அது நல்ல கோபமாக வந்தது. காது மடல் சூடானது. என்னையே ஏமாற்றிவிட்டாளா? என்னையேவா? ஆறு வருஷம்! பக்கத்திலேயே படுத்துக்கொண்டு! வண்டியில் ஏறினார். எப்படி ஓட்டினார், எந்த வழியாக வந்தார் என்றெல்லாம் கேட்டால் அவருக்குத் தெரியாது. என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டே வந்தார். வீட்டில் வண்டியை நிறுத்தியபோதுகூடப் பழக்கத்தில் இடது பக்கத்தைச் சுவரை ஒட்டித்தான் நிறுத்தினார்.

செருப்பைக் கழற்றாமல் விறுவிறுவென்று உள்ளே போனார். சமையலறை வாசலில் நின்றார்.

"ஏய், வெளிய வா! என்ன பண்ணி வச்சிருக்க நீ? ஆறு வருஷமா என்னை முட்டாளாக்கிட்டு..."

உள்ளே அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. காலையில் அவர் குடித்த ஒரே ஒரு டம்ளர் தொட்டியில் கிடந்தது.

இவ்வளவு பெரிய சண்டை கையில் இருக்கிறது, சண்டை போட ஆள் இல்லை. அப்போதுதான் அவள் செத்துப்போனது அவருக்குத் தெரிந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு மாசமாக எங்கே போயிருந்ததோ, அத்தனையும் மொத்தமாக வந்தது. மூக்கு ஒழுகியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் வாய்விட்டுக் கதறி அழுதார்.

ஆறு மணிக்கு போன் அடித்தது.

"சாப்டீங்களா?" என்றாள் மகள். பதில் வராததால், "அப்பா?" என்றாள். பிறகு, "அப்பா, என்னாச்சு? அழறீங்களா?"

"உங்கம்மா..." மூச்சு வாங்கியது அவருக்கு. "உங்கம்மா வண்டிய இடிச்சிருக்கா. பெயின்ட் அடிச்சு மறைச்சிட்டா. ஆறு வருஷம் என்கிட்ட சொல்லலம்மா. ஊர் பூரா விரலைக் காட்டிச் சிரிச்சிருக்கா. எனக்கு அவளைத் திட்டணும். நல்லாத் திட்டணும். அவ இல்லையே, நான் யாரைப் போயி..."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவள் அங்கேதான் இருந்தாள்.

"திட்டுங்கப்பா" என்றாள். அவள் குரலும் உடைந்திருந்தது. "நான் கேக்கறேன். முதல்லேர்ந்து திட்டுங்க."

லென்ஸ் சட்டை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட் தூணிலிருந்து ஆரம்பித்தார்.