பின்விளக்கு தெரியவில்லை

அறுவை அறைக் கதவு மூடியதிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்வார், எழுந்திருப்பார், தண்ணீர்க் குழாய்வரை போவார், குடிக்காமலே திரும்புவார். உள்ளே மனைவி. வயிற்றில் ஒரு கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றுவிட்டார் டாக்டர். மனைவியின் தம்பி பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன், பொறுமைதான் அவன் பிழைப்பே. அவனுக்கே தாங்கவில்லை.

"மாமா, ஒரு இடத்துல உட்காருங்க. உங்களைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

உட்கார்ந்தார். எதிர்ச்சுவர் டி.வி.யில் சத்தமில்லாமல் ஏதோ பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் ஒரு கார் ஏறி வந்தது. அவ்வளவுதான், அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது.

பழைய படங்களில் வரும் கார்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். எந்தப் படத்தில் எந்தக் கார், எந்த வருஷத்து மாடல் என்று கண்டுபிடித்துப் போடுவதற்கென்றே ஓர் இணையதளம் உண்டு. வேலை மெனக்கெட்டு அதில் சண்டை போடுகிறவர்களில் இவரும் ஒருவர். இந்தக் காரை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால் முதல் வருஷத்து வண்டியா, அடுத்த வருஷத்து வண்டியா? முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதற்குப் பின்விளக்கு வட்டம், அடுத்ததற்கு நீளம். படம் எடுத்தவரோ காரின் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தார்.

"திரும்பு, திரும்பு."

"யாரைச் சொல்றீங்க?"

"காரைத்தான், மாப்ள. பின்பக்கம் தெரிஞ்சா போதும்."

தம்பியின் முகம் சுருங்கியது. "அங்க அக்கா வயித்தைக் கிழிச்சு வச்சிருக்காங்க. உங்களுக்கு இப்பக் கார் கேக்குதாக்கும்."

டி.வி.யைப் பார்க்காவிட்டால் அந்தக் கதவைத்தான் பார்க்க வேண்டும். கதவைப் பார்த்தால் மனசு கண்டதையும் நினைத்தது. இதை எந்த வாயால் சொல்வது?

மூலையில் இருந்த ஓர் அம்மாள் ரிமோட்டை எடுத்துச் செய்திக்கு மாற்றினாள். அவர் பதறி எழுந்துவிட்டார்.

"அம்மா, தயவுசெஞ்சு அந்தப் படத்தையே வைங்க. கொஞ்ச நேரம்தான்."

"என் மகன் உள்ள இருக்கான். எனக்கு எந்தப் படமும் ஓடல. நீங்களே வச்சுக்குங்க" என்று ரிமோட்டை அவர் கையில் திணித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூச்சத்தோடு படத்தைத் திரும்ப வைத்தார். கார் மலையுச்சியில் ஒரு பங்களா வாசலை அடைந்து மெதுவாக வளைந்தது. பக்கவாட்டுக் கதவு தெரிந்தது, பின்சக்கரம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அறுவை அறைக் கதவு திறந்தது. நர்ஸ் அவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தம்பி பாய்ந்து போனான். இவரும் எழுந்தார், ஆனால் கண் மட்டும் திரையைவிட்டு வரவில்லை. ஒரு நொடிதான் இருக்கும். காருக்கும் கேமராவுக்கும் நடுவே ஒரு லாரி வந்து நின்றது, காட்சி மாறிவிட்டது.

அவர் போய்ச் சேர்வதற்குள் நர்ஸ் பாதி சொல்லியிருந்தாள். "...கட்டி நினைச்சதைவிட இறுக்கமா ஒட்டியிருக்கு. இன்னும் நேரமாகும். பயப்படாதீங்க."

கதவு மூடிக்கொண்டது. தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"பார்த்தாச்சா?"

"இல்ல. லாரி மறைச்சிடுச்சு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவன் நடைவழியின் கடைசிவரை போனான். அங்கே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தவன், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்த வண்டியில கியர் எங்க இருக்கும்?"

"முதல் வருஷத்துல கீழ, தரையில. அடுத்த வருஷம் ஸ்டீயரிங் பக்கத்துக்கு மாத்திட்டாங்க. ஏன்?"

"அப்ப இது முதல் வருஷம்தான். கியர் மாத்துறப்பல்லாம் அந்த ஆளோட தோள் இறங்குது. ஸ்டீயரிங் கியர்னா கை மேலயேதான் இருக்கும். தோள் இறங்காது. தினமும் பக்கத்துல உட்கார்ந்து பாக்குறேன்ல."

"நீ பாக்கவே இல்லையேடா!"

"வேற எங்க பாக்கச் சொல்றீங்க, மாமா?" குரல் உடைந்துவிட்டது.

அவனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நடிகன்தானே, சும்மா கையை ஆட்டியிருப்பான்" என்றார். "அந்த மேட்டுல சும்மா ஆட்டினா வண்டி நின்னுபோயிருக்கும்" என்றான் அவன். இவர் விடவில்லை, அவனும் விடவில்லை. அந்த அம்மாள்கூடக் கண்ணைத் திறந்து பார்த்தாள். டாக்டர் வந்து எதிரில் நின்றபோதுதான் இருவரும் வாயை மூடினார்கள்.

கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, ஆய்வு முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்றார் டாக்டர்.

மயக்கம் தெளிந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்க நடந்து நடந்து தரையைத் தேய்ச்சிடாதீங்க. கடைக்குப் போங்க" என்றாள்.

போனார். வந்த ஒருவருக்கு வலது லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை. தம்பி போனிலேயே ஓவென்று கத்தினான். மனைவி சிரித்தாள், தைத்த இடம் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அவள் அழுவது கேட்டது. அவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார், தட்டவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே நின்றார்.